இராஜபாட்டையில் யமவாகனம்

தர்மபுரியிலிருந்து சேலத்துக்கு இறங்கும் வழியில் தொப்பூர் கணவாய் என்று ஓர் இடம் இருக்கிறது. இரு புறமும் குன்றுகள். இடையே வளைந்து வளைந்து இறங்கும் சாலை. பார்வைக்கு ரமணீயமான இடந்தான். ஆனால் அவ்வழியே மோட்டாரில் பிரயாணம் செய்யும் குடும்பங்கள் அங்கே இயற்கைக் காட்சியை ரஸிப்பதாகத் தெரியவில்லை. முன்னால் இருக்கும் மலையைப் பார்ப்பதை விட்டுவிட்டு, பின்னால் வரும் லாரியையே திரும்பித் திரும்பிப் பார்க்கிறார்கள்.

அப்படிப் பார்ப்பதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. காஷ்மீரத்து ஸ்ரீநகரில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடியும் 44-ம் எண் தேசிய நெடுஞ்சாலையின் ஒரு சிறு துண்டு இது. 2020 டிசம்பரிலும் 2024 ஜனவரியிலும் இந்த இறக்கத்தில் பாரம் ஏற்றிய லாரிகள் கட்டுக்கு அடங்காமல் ஓடி, முன்னால் சென்ற வண்டிகளை வரிசையாக மோதி நொறுக்கின. ஒவ்வொரு முறையும் உயிர்கள் போயின. மறுநாள் பத்திரிகையில் படம் வந்தது. மூன்றாம் நாள் நாம் எல்லோரும் மறந்துபோனோம். மறக்க முடியாதவர்கள் அந்தந்த வீட்டார் மட்டுமே.

அந்த வீட்டாருக்காகவும், நாளைக்கு அந்த நிலை நேராதிருக்க வேண்டிய மற்ற வீட்டாருக்காகவும் இந்த விஷயத்தைச் சற்று விரிவாக எழுத முற்படுகிறோம்.

தேசத்தின் கணக்கு

மத்திய ஸர்க்காரின் சாலைப் போக்குவரத்து இலாகா பிரதி வருஷமும் விபத்துக் கணக்கை வெளியிட்டு வருகிறது. 2022-ம் வருஷத்தில் பாரத தேசத்துச் சாலைகளில் 4,61,312 விபத்துக்கள் நேர்ந்தன. 1,68,491 பேர் மாண்டார்கள். 4,43,366 பேர் காயமுற்றார்கள். மணிக்குப் பத்தொன்பது பேர் வீதம் மடிந்திருக்கிறார்கள். அந்த வருஷம் விபத்துக்களின் எண்ணிக்கையில் முதல் ஸ்தானம் நம் தமிழ் நாட்டுக்கே கிடைத்தது: 64,105. உயிர்ச் சேதத்தில் உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்த ஸ்தானம்: 17,884. எத்தனையோ விஷயங்களில் முதலாவதாக வர நாம் ஆசைப்படுகிறோம்; இந்த முதன்மையை நாம் ஆசைப்பட்டுக் கேட்கவில்லை.

இத்தனைக்கும் லாரிகளே காரணம் என்று சொன்னால் அது நியாயமாகாது. மோட்டார் சைக்கிளும் காரும் பஸ்ஸும் தத்தம் பங்கைச் செலுத்தத்தான் செய்கின்றன. ஆனால் லாரி மோதினால் அந்த மோதலின் தன்மையே வேறு. குடும்பத்தார் ஏறிச் செல்லும் சிறு காரின் எடை ஒரு டன்னுக்குச் சற்றே கூட இருக்கலாம். பாரம் ஏற்றிய பெரிய லாரியோ முப்பது, நாற்பது டன் இருக்கும். யானையும் ஆட்டுக்குட்டியும் மோதிக்கொண்டால் யாருக்குச் சேதம் என்பதற்குப் பஞ்சாங்கம் பார்க்க வேண்டியதில்லை.

ஏன் நேருகின்றன?

"விதி" என்பது நம் ஊரில் எல்லாக் கேள்விக்கும் சுலபமான விடை. ஆனால் விசாரித்துப் பார்த்தால் விதியின் பெயரில் நடக்கும் காரியங்களில் பெரும்பாலானவை மனிதர் கையால் நடப்பவை என்று தெரிகிறது.

முதலாவது, வேகம். வண்டியின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் மோதும் சக்தி நான்கு மடங்காகிறது. நாற்பது கிலோமீட்டரில் கீறலோடு போவது எண்பதில் உயிரோடு போகிறது. 2022-ம் வருஷத்து விபத்துக்களில் நூற்றுக்கு எழுபத்திரண்டுக்கு மேல் அதி வேகத்தின் கணக்கில் எழுதப்பட்டிருக்கின்றன.

இரண்டாவது, அதிக பாரம். அளவுக்கு மேல் ஏற்றிய லாரி நினைத்த இடத்தில் நிற்காது; வளைவில் சாயும்; டயர் வெடிக்கும். இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடேறி, வேண்டிய சமயத்தில் பிடிக்காமல் போகும். அதனாலேதான் மலைப் பாதையில் எந்த கியரில் ஏறுகிறோமோ அதே கியரில் இறங்க வேண்டும் என்று பழைய டிரைவர்கள் சொல்வார்கள். டீஸல் மிச்சமாகும் என்று எண்ணி நியூட்ரலில் வண்டியை உருள விடுகிறவர்களும் இருக்கிறார்கள். மிச்சமாவது சில ரூபாய் டீஸல். செலவாவது சில மனித உயிர்கள். அதிக பாரத்துக்கு 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் என்று 2019-ம் வருஷத்துத் திருத்தச் சட்டம் விதித்திருக்கிறது. சட்டத்தில் குறைவில்லை, எடை மேடையில் நிற்கும் மனிதரின் மனத்தில்தான் குறைவு.

மூன்றாவது, தூக்கம். 2020-ம் வருஷம் பிப்ரவரி 20-ந் தேதி அதிகாலையில், கோயம்புத்தூர்ப் பக்கத்தில் அவிநாசிக்கு அருகே ஒரு கண்டெய்னர் லாரி நடுத் தடுப்பைத் தாண்டி வந்து, பெங்களூரிலிருந்து எர்ணாகுளத்துக்குப் போய்க்கொண்டிருந்த பஸ்ஸின் மீது மோதியது. பத்தொன்பது பேர் மாண்டார்கள். அவர்களில் அநேகர் பஸ்ஸில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள். பிரயாணி தூங்கலாம், அதற்காகத்தானே டிக்கட் வாங்குகிறான்? டிரைவர் தூங்கினால்?

ஆனால் அவனைத் தூங்க விடாமல் அடித்தவர் யார் என்பதையும் கேட்க வேண்டும். மோட்டார்த் தொழிலாளர் சட்டம் 1961-ம் வருஷத்திலேயே வந்துவிட்டது. நாளொன்றுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி வேலை என்பது அதன் பொது விதியாக இருந்தது. ஐந்து மணி நேர வேலைக்குப் பிறகு அரை மணியாவது ஓய்வு வேண்டும் என்றது. நெடுந்தூர லாரியில் இந்த விதி எத்தனை தூரம் பிரயாணம் செய்கிறது என்பதை நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்தில் எந்த டிரைவரைக் கேட்டாலும் சொல்லுவார். "சரக்கு விடிவதற்குள் போய்ச் சேர வேண்டும்" என்று உத்தரவிடுகிறவர் கட்டிலில் படுத்துத் தூங்குகிறார். உத்தரவை நிறைவேற்றுகிறவன் இஞ்சின் அனலில் கண் விழித்து உட்கார்ந்திருக்கிறான். 2025 அக்டோபர் முதல் தேதிக்குப் பிறகு தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளில் டிரைவர் அறைக்குக் குளிர்சாதன வசதி இருக்க வேண்டும் என்று ஸர்க்கார் விதித்திருப்பது நல்ல காரியம். ஆனால் அனலைத் தணிக்கும் யந்திரம் அசதியைத் தணிக்காது.

நான்காவது, ஓடாத லாரி. இருட்டில் சாலையோரத்தில், பின் விளக்கு இல்லாமல், ஒளி வீசும் பட்டைகள் அழுக்கேறிப் போன நிலையில் நிறுத்தி வைக்கும் லாரி, ஓடும் லாரிக்குக் கொஞ்சமும் குறைந்ததல்ல. அதன் அடியில் கார் புகுந்துகொண்டால் காரின் முன்பாகம் மோதலைத் தாங்கிக்கொள்வதற்கு முன்பே லாரியின் சட்டம் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிடுகிறது. பின்புறம் தாழ்வாகப் போடும் இரும்புத் தடுப்பு இதற்காகவே ஏற்பட்டது. அது இருக்கிறதா, உறுதியாக இருக்கிறதா என்று பார்ப்பது தகுதிச் சான்றிதழ் கொடுப்பவர்களின் கடமை.

பிறகு வீட்டில் நடப்பது

விபத்து ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடுகிறது. அதன் விளைவு முடிவதற்கு ஒரு தலைமுறை ஆகிறது. சம்பாதிக்கிறவன் போனால், முதல் மாதம் உறவினர் வந்து அழுகிறார்கள். இரண்டாம் மாதம் கடன்காரர் வருகிறார்கள். மூன்றாம் மாதம் பள்ளிக்கூடத்துச் சம்பளம் கட்டுகிற நாள் வருகிறது. உயிர் தப்பிக் கால் போனவன் வீட்டிலோ, அவனைத் தூக்கி உட்கார வைப்பதற்காக இன்னொருவர் வேலையை விட வேண்டியிருக்கிறது. இவ்வளவு துயரத்துக்கும் நடுவே, "நஷ்ட ஈடு" என்று ஒன்று உண்டு என்பதும், அது தர்மம் அல்ல, உரிமை என்பதும் நம் குடும்பங்களில் பலருக்குத் தெரிவதில்லை.

இந்த உரிமை நேற்று முளைத்ததல்ல. 1855-ம் வருஷத்திலேயே பிறர் குற்றத்தால் இறந்தவரின் குடும்பத்தார் நஷ்ட ஈடு கேட்க ஒரு சட்டம் இருந்தது. 1939-ம் வருஷத்து மோட்டார் சட்டம் பிறத்தியாருக்கு நேரும் சேதத்துக்காக வண்டிக்காரர் கட்டாயம் இன்ஷியூரன்ஸ் செய்ய வேண்டும் என்றது. 1956-ம் வருஷத்துத் திருத்தம் தனித் தீர்ப்பாயங்களுக்கு வழி செய்தது. இப்போது அமலில் இருப்பது 1988-ம் வருஷத்துச் சட்டம். 2019-ல் அதில் பெரிய மாறுதல்கள் செய்யப்பட்டன.

முதல் மணியும் முதல் வாரமும்

விபத்துக்குப் பின் வரும் முதல் ஒரு மணி நேரத்தைச் சட்டமே "பொன்னான நேரம்" என்று குறிப்பிடுகிறது. உதவி செய்ய ஓடுகிறவர்கள் போலீஸுக்கும் கோர்ட்டுக்கும் பயப்பட வேண்டியதில்லை. நல்லெண்ணத்தோடு உதவியவர் மீது சிவில் வழக்கோ கிரிமினல் வழக்கோ வராது என்று 134-ஏ பிரிவு உறுதி கூறுகிறது. தமிழ் நாட்டில் 2021 டிசம்பரில் ஆரம்பமான "இன்னுயிர் காப்போம்" திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். 2025 மே மாதத்தில் வந்த மத்திய ஸர்க்கார் திட்டத்தில், திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் ஏழு நாள் வரையில், ஒன்றரை லக்ஷம் ரூபாய் வரையில், கையிலிருந்து பணம் கட்டாமல் சிகிச்சை பெறலாம்.

ஆஸ்பத்திரியில் ஒருவர் இருக்கும்போதே வீட்டார் வேறொருவர் போலீஸ் நிலையத்துக்குப் போக வேண்டும். முதல் தகவல் அறிக்கையில் லாரியின் எண், இடம், நேரம், எந்தத் திசையில் வந்தது என்பவை சரியாக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். வண்டிகள் கிடந்த நிலையைப் படம் எடுத்து வைப்பது நல்லது. சுங்கச்சாவடியிலும் பெட்ரோல் பங்கிலும் இருக்கும் காமிராப் பதிவுகள் சில தினங்களில் அழிந்துவிடலாம்; அவற்றைக் கைப்பற்றும்படி போலீஸாருக்கு எழுத்து மூலம் மனுக் கொடுக்கலாம். 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையையும், 90 நாளுக்குள் விரிவான அறிக்கையையும் போலீஸார் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும் என்று விதிகள் இருக்கின்றன.

ஆஸ்பத்திரி ரசீதுகள், மருந்துச் சீட்டுகள், பிரேத பரிசோதனைச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், அங்கஹீனம் ஏற்பட்டால் வைத்தியக் குழுவின் சான்றிதழ், சம்பளச் சீட்டு அல்லது பாங்குப் புத்தகம் - இவற்றை ஒரு பையில் போட்டு வையுங்கள். சொந்தத் தொழில் செய்கிறவரானால் கணக்கு நோட்டுப் புத்தகங்கூட ஸாக்ஷியாகும். துக்கத்தில் காகிதத்தைப் பற்றி நினைக்க மனம் வராதுதான். ஆனால் அந்தக் காகிதங்களே பிற்காலத்தில் குழந்தைகளின் சோறு.

எந்தக் கதவைத் தட்டுவது?

மோட்டார் விபத்து நஷ்ட ஈட்டுத் தீர்ப்பாயம் என்பது ஜில்லா நீதிமன்றங்களோடு சேர்ந்து நடக்கிறது. சேலத்தில் விபத்து நடந்து, வீடு மதுரையில் இருந்தால் மதுரையிலேயே மனுப் போடலாம். விதவையானவள் ஒவ்வொரு வாய்தாவுக்கும் சேலத்துக்கு அலைய வேண்டியதில்லை. டிரைவரின் அஜாக்கிரதையை நிரூபித்து முழு நஷ்ட ஈடு கேட்பது 166-வது பிரிவு. யார் தவறு என்ற விசாரணையே இல்லாமல், மரணத்துக்கு 5 லக்ஷமும், பலத்த காயத்துக்கு இரண்டரை லக்ஷமும் கேட்க இடம் கொடுப்பது 164-வது பிரிவு. மோதிவிட்டு ஓடிய லாரி எது என்று தெரியவே தெரியாவிட்டால், மரணத்துக்கு 2 லக்ஷமும் பலத்த காயத்துக்கு 50,000 ரூபாயும் கொடுக்க 161-வது பிரிவில் வழி உண்டு.

கிரிமினல் கோர்ட்டில் டிரைவர் விடுதலையாகிவிட்டால் எல்லாம் போயிற்று என்று நினைக்க வேண்டாம். தீர்ப்பாயத்தில் சந்தேகமற நிரூபிக்க வேண்டும் என்பதில்லை. எது அதிகம் நம்பத் தகுந்தது என்று பார்ப்பார்கள். டிரைவரின் லைசென்ஸில் கோளாறு இருந்தாலுங்கூட, "முதலில் நீ கொடு, பிறகு லாரிக்காரரிடம் வசூல் செய்துகொள்" என்று இன்ஷியூரன்ஸ் கம்பெனிக்கு உத்தரவிட்ட வழக்குகள் பல.

ஒரு சிறு கணக்கு

சாவு வீட்டில் சமரசம் பேச வருகிற மத்தியஸ்தர்கள் உண்டு. "போனது போயிற்று, இரண்டு லக்ஷம் வாங்கித் தருகிறோம், இந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடுங்கள்" என்பார்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன் கீழ்க்கண்ட கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

38 வயதுத் தையற்காரர் ஒருவர். மாத வருமானம் 20,000 ரூபாய். மனைவி, இரண்டு குழந்தைகள், தாயார் ஆக நால்வர் அவரை நம்பியிருக்கிறார்கள். வருஷ வருமானம் 2,40,000. சொந்தத் தொழில் செய்யும் நாற்பது வயதுக்குக் குறைந்தவருக்கு, வருங்கால அபிவிருத்திக்காக நூற்றுக்கு நாற்பது சேர்க்க வேண்டும் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆக, 3,36,000. நம்பியிருப்பவர் நான்கு முதல் ஆறு பேர் என்றால், இறந்தவரின் சொந்தச் செலவுக்காகக் கால் பங்கைக் கழிக்க வேண்டும். மிச்சம் 2,52,000. 36 முதல் 40 வயது வரையில் உள்ளவருக்குப் பெருக்கெண் 15 என்று 2009-ம் வருஷத்துத் தீர்ப்பில் வகுக்கப்பட்டிருக்கிறது. பெருக்கினால் 37,80,000 ரூபாய். ஈமச் சடங்குச் செலவுக்கும், துணையை இழந்ததற்கும் உள்ள தொகைகள் இதற்கு மேல். இரண்டு லக்ஷம் எங்கே, முப்பத்தேழு லக்ஷத்து எண்பதினாயிரம் எங்கே?

இல்லத்தரசி இறந்தால் "அவளுக்கு வருமானம் ஏது?" என்று கேட்டுக் கையை விரிக்கும் வழக்கம் இருந்தது. வீட்டு வேலைக்கும் மதிப்பு உண்டு, அதற்கும் ஒரு வருமானத்தைக் கற்பித்துக்கொண்டே கணக்கிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021-ல் வற்புறுத்திற்று. விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்திருப்பவளுக்கு வேலையில்லை என்று சொன்னவர்களுக்கு நல்ல பதில்.

இரண்டு எச்சரிக்கைகள்

குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கவும், கலியாண வீட்டுக்குச் செல்லவும் சரக்கு வண்டியில் ஜனங்களை ஏற்றிச் செல்லும் வழக்கம் நம் கிராமங்களில் இன்னும் இருக்கிறது. சரக்குக்குச் சொந்தக்காரரோ அவருடைய பிரதிநிதியோ தவிர, சரக்கு வண்டியில் சும்மா ஏறிச் செல்கிறவர்களுக்கு இன்ஷியூரன்ஸ் கம்பெனி பொறுப்பல்ல என்பது உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்ட விஷயம். அம்மாதிரி வண்டி கவிழ்ந்தால், அதன் சொந்தக்காரரைத்தான் துரத்த வேண்டும். அவரிடம் அந்த ஒரு வண்டியைத் தவிர வேறொன்றும் இராது. பஸ் சத்தத்தை மிச்சம் பிடித்து இந்த அபாயத்தை விலைக்கு வாங்க வேண்டாம்.

மற்றொன்று, காலம். ஆறு மாதத்துக்குள் மனுச் செய்ய வேண்டும் என்று 2019-ம் வருஷத்துத் திருத்தம் சொல்கிறது. அந்த விதி 2022 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வாதாடட்டும், நாம் ஆறு மாதத்துக்குள் மனுவைப் போட்டுவிடுவோம்.

வக்கீலுக்குப் பணம் இல்லையே?

ஆஸ்பத்திரி வாசலிலேயே வந்து நிற்கும் தரகர்களை நம்ப வேண்டாம். "வருகிற தொகையில் மூன்றில் ஒரு பங்கு" என்று வக்கீல் பேரம் பேசுவதை வக்கீல்களின் சொந்த ஒழுக்க விதிகளே தடுக்கின்றன. கையில் பணமில்லாதவர்களுக்காக 1987-ம் வருஷத்துச் சட்டத்தின்படி ஏற்பட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு ஒவ்வொரு ஜில்லா நீதிமன்ற வளாகத்திலும் இருக்கிறது. ஸ்திரீகள், குழந்தைகள், ஹரிஜனங்களும் பழங்குடியினரும், அங்கஹீனர்கள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்று கேட்காமலே இலவச வக்கீல் ஏற்படுத்துவார்கள். மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. 15100 என்ற எண்ணுக்கு டெலிபோன் செய்தாலும் வழி சொல்லுவார்கள். ஆகவே கணவனை இழந்த பெண் ஒருத்தி, தாலிக்கொடியை விற்று வக்கீல் வைக்க வேண்டிய அவசியம் இந்த நாட்டில் இல்லை.

மக்கள் நீதிமன்றத்தில் சமரசமாக முடித்துக்கொள்ளவும் வழி உண்டு. பணம் சீக்கிரம் கைக்கு வரும். கோர்ட்டுக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். ஆனால் அங்கே ஒப்புக்கொண்டால் மேல் அப்பீல் இல்லை. ஆகையால் மேலே சொன்ன கணக்கை வீட்டிலேயே போட்டுக்கொண்டு போய், பிறகு தலையை அசைக்க வேண்டும்.

டிரைவருக்கும் ஒரு வீடு உண்டு

லாரி டிரைவரை வைது தீர்த்துவிட்டால் நம் கடமை முடிந்துவிடாது. விபத்தில் முதலில் நசுங்குகிறவன் பல சமயம் அவனேதான். பக்கத்தில் கிளீனர்ப் பையன். வேலை நேரத்தில் மாண்ட டிரைவரின் குடும்பம், அவன் பேரிலேயே தவறு இருந்தாலும், தொழிலாளர் நஷ்ட ஈட்டுச் சட்டத்தின்படி பரிகாரம் தேடலாம். மோட்டார் சட்டமா, தொழிலாளர் சட்டமா என்று இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். இதுவும் அந்தக் குடும்பங்களில் பலருக்குத் தெரியாது. இதை வாசிக்கிறவர்களின் தெருவில் அப்படி ஒரு வீடு இருந்தால் தயவு செய்து போய்ச் சொல்லுங்கள்.

நம் வீட்டு அரிசியும் பருப்பும், கூரைக்கு வேண்டிய சிமிட்டியும், குழந்தையின் மருந்தும் லாரியில்தான் வருகின்றன. லாரி இல்லாமல் தேசம் ஒரு வாரம் நடக்காது. ஆகவே நாம் லாரியை வேண்டாம் என்று சொல்லவில்லை. எட்டு மணி வேலை செய்து தூங்கி எழுந்தவன் ஓட்டட்டும். அளவான பாரத்தை ஏற்றட்டும். பிரேக்கும் விளக்கும் சரியாக இருக்கட்டும் என்றுதான் சொல்கிறோம். இவை மூன்றும் ஏற்கெனவே சட்டத்தில் இருக்கின்றன. சட்டப் புத்தகத்திலிருந்து இவற்றை இறக்கிச் சாலைக்குக் கொண்டுவர ஒரு லாரி கிடைக்குமானால், அதற்கு வழி விட நாம் எல்லோரும் ஒதுங்கி நிற்கத் தயார்.